குடும்ப ஜெபம் பிள்ளைகளிடம் ஏன் நிற்பதில்லை? (4 வயது முதல் 15 வயது வரை)

மாலைவிளக்கு:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பிள்ளைகளை விசுவாசத்தில் வளர்ப்பது பற்றிக் கேட்டால் "முன்மாதிரியாய் இருங்கள்", "ஜெபத்தில் தாங்குங்கள்" என்ற அளவில் பதில் நின்றுவிடுகிறது. ஞாயிறு பள்ளியிலும் மறைக்கல்வியிலும் பல வருடம் பழகியவர்கள் இங்கே இருப்பதால் நேரடியாகக் கேட்கிறேன்.

ஒரே வீட்டில் 4, 8, 13 வயதுப் பிள்ளைகள் இருந்தால் குடும்ப ஜெபத்தை எப்படி நடத்துவது? எத்தனை நிமிடம்? எந்தப் புத்தகத்தில் தொடங்குவது? வசன மனப்பாடம் தேவையா? சின்ன வயதில் பாட்டும் வசனமுமாய் இருந்த பிள்ளை 12, 13 வயதில் வாயை மூடிக்கொள்கிறதே, அது எதனால்?

கடுகுவிதை:

நேரத்திலிருந்து தொடங்குகிறேன், பெரும்பாலான வீடுகளில் முதலில் உடைவது அதுதான்.

10 நிமிடம் போதும். ஒரு பாட்டில் ஒரு சரணம், 2 நிமிடம். வாசிப்பு 8 முதல் 12 வசனம், 3 நிமிடம். வாசித்ததிலிருந்து ஒரே ஒரு கேள்வி, 2 நிமிடம். ஜெபம் 3 நிமிடம். அப்பா பிரசங்கம் செய்யத் தொடங்கினால் இந்தக் கணக்கு முதல் நாளே கெட்டுவிடும். 40 நிமிட ஜெபத்தை வாரம் ஒருமுறை நடத்தும் வீட்டைவிட, 10 நிமிடத்தை வாரம் 5 நாள் நடத்தும் வீட்டில் பிள்ளைகளுக்குக் கூடுதலாகப் பதிகிறது. 7 நாளும் என்று வைக்காதீர்கள். இரண்டு நாள் தவறினால் குற்றவுணர்வு வரும், மூன்றாம் வாரம் மொத்தமும் நின்றுபோகும். தவறிய நாளுக்குப் பதிலாக மறுநாள் இரட்டிப்பாக வாசிக்கவும் வேண்டாம்.

மணி பார்த்து வைப்பதைவிட, ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு சேர்த்துக் கட்டுங்கள். இரவுச் சாப்பாடு முடிந்து தட்டு எடுப்பதற்கு முன் என்று வைத்தால் யாரையும் கூப்பிடத் தேவையில்லை, எல்லாரும் அங்கேதான் இருப்பார்கள். "தூங்குவதற்கு முன்" என்று வைத்தால் 4 வயது தூங்கிவிடும், 13 வயது வீட்டுப்பாடம் என்று சொல்லும்.

புத்தகம்: மாற்கு. 16 அதிகாரம், ஏறத்தாழ 680 வசனம். நாளுக்கு 10 வசனம், வாரம் 5 நாள் என்றால் 14 வாரத்தில் முடியும். ஒரு சுவிசேஷத்தை முதலிலிருந்து கடைசிவரை கேட்டு முடித்தோம் என்பது பிள்ளைக்குப் பெரிய விஷயம். ஆதியாகமத்தில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் யாத்திராகமம் 25-க்கு மேல், ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளில் வந்து நின்றுவிடுகிறார்கள்.

தூண்டாவிளக்கு:

கடுகுவிதை ஐயா சொன்னதோடு வயதுப் பங்கீட்டையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே வாசிப்பு, மூன்று வேலை.

4 வயதுக்கு ஒரு வாரம் முழுவதும் ஒரே சம்பவம் போதும். "இயேசு படகில் தூங்கினார். புயல் வந்தது. 'இரையாதே, அமைதலாயிரு' என்றார்." அவ்வளவுதான். அதையே ஐந்து நாளும் கேட்பதில் அந்த வயதுக்குச் சலிப்பு கிடையாது, சலிப்பு நமக்குத்தான். 8 வயது, 3 வசனத்தைச் சத்தமாக வாசிக்கட்டும். திக்கினால் திருத்தாதீர்கள், முடித்த பிறகு சொல்லுங்கள். 13 வயதுக்கு வாரத்தில் ஒரு நாள் முழுப் பொறுப்பையும் கொடுங்கள். பகுதியைத் தேர்ந்தெடுப்பது, கேள்வி கேட்பது, யார் ஜெபிப்பது என்று சொல்வது எல்லாம் அந்தப் பிள்ளை. அன்று பெற்றோர் பதில் சொல்லும் பக்கம் உட்கார வேண்டும். அவன் எடுத்த பகுதி நமக்குப் பிடிக்காவிட்டாலும் மாற்றக்கூடாது.

அச்சடித்த வேதாகமத்தை வைத்துக்கொள்ளுங்கள். போனில் வாசித்தால் நடுவில் ஒரு செய்தி வந்து விழும், வாசிப்பவரின் கண் அங்கே போகும், பிள்ளைகள் அதைப் பார்த்துவிடுவார்கள்.

சொல்லும்பொருளும்:

வாசிப்பதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. நம் பழைய மொழிபெயர்ப்பின் சொற்கள் பிள்ளைகளுக்குப் புரிகின்றன என்று நாமாக எடுத்துக்கொள்கிறோம். சங்கீதம் 23-ஐத் தடையில்லாமல் ஒப்பிக்கும் பிள்ளையிடம் "தாழ்ச்சியடையேன் என்றால் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "கீழே போகமாட்டேன்", "தோற்கமாட்டேன்" என்றுதான் பதில் வரும். அங்கே தாழ்ச்சி என்பது குறைவு. மேய்ப்பர் இருப்பதால் எனக்கு எதுவும் குறையாது. திருவிவிலியத்தில் (1995-ல் வந்த பொது மொழிபெயர்ப்பு) "எனக்கேதும் குறையில்லை" என்றே இருக்கிறது.

அதே சங்கீதத்தில் "உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்". கோல், தடி என்றதும் பிள்ளைக்கு அடிதான் ஞாபகம் வரும். அடி எப்படித் தேற்றும்? மேய்ப்பன் கையில் அது மிருகத்தை விரட்டவும், வழிதவறும் ஆட்டைத் திருப்பவும் இருக்கிறது என்று ஒரு வரி சொல்லாவிட்டால், பிள்ளை பயத்தை மனப்பாடம் செய்துகொள்ளும். பரமண்டல ஜெபத்தில் "எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்" என்பதில் கடன் என்றால் குற்றம்; அதைப் பணக்கடன் என்றே 10 வயது வரை நினைத்திருக்கும் பிள்ளைகள் உண்டு. ஆயக்காரன் (வரி வசூலிப்பவன்), நுகம் (மாட்டின் கழுத்தில் வைக்கும் மரம்), இராயன் (ரோமப் பேரரசன்), சதுசேயர் (யூதரில் ஒரு பிரிவினர்) எல்லாமே இப்படித்தான்.

அன்றைய பகுதியில் உள்ள கடினச் சொற்களில் இரண்டை மட்டும் வாசிப்பதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். வாசித்த பிறகு சொன்னால் பிரயோஜனமில்லை. புரியாத சொல் வந்த இடத்திலேயே பிள்ளையின் காது மூடிவிடும், பின்னால் வந்தது எதுவும் உள்ளே போயிருக்காது. இரண்டு மொழிபெயர்ப்பையும் வைத்துக்கொண்டு, பழையதில் மனப்பாடமும் பொது மொழிபெயர்ப்பில் விளக்கமும் என்று பிரித்துக்கொள்வது நன்றாக வேலை செய்கிறது. பழையதின் ஓசை வாயில் நிற்கும்.

திராட்சைக்கொடி:

> வசன மனப்பாடம் தேவையா?

தேவை. ஆனால் போட்டிக்குப் படிப்பதை மனப்பாடம் என்று எண்ண வேண்டாம். முந்தின இரவு 20 வசனத்தைப் படித்து, மறுநாள் ஒப்பித்து, பரிசு வாங்கிய பிள்ளையிடம் அடுத்த மாதம் கேட்டால் இரண்டு வசனம்கூட வராது. மிட்டாய்க்காகப் படித்தது மிட்டாயோடு போய்விடும்.

இரண்டு வாரத்துக்கு ஒரு வசனம், வருடத்துக்கு 25. அதற்குமேல் வேண்டாம். முதல் நாள் வசனத்தைப் பலகையில் பெரிதாக எழுதுங்கள். இரண்டாம் நாள் இரண்டு சொல்லை அழித்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தினமும் இன்னும் இரண்டு. ஒரு வாரத்தில் பலகை காலியாகிவிடும், வசனம் வாயில் இருக்கும். பிறகு மூன்றாம் நாள், ஏழாம் நாள், ஒரு மாதம் கழித்து என்று மூன்றுமுறை திரும்பக் கேளுங்கள். இந்தத் திருப்புதலை விட்டால் மற்றதெல்லாம் வீண். அதிகாரமும் வசன எண்ணும் முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை சொல்ல வேண்டும். முன்னால் மட்டும் சொன்னால் எண்தான் முதலில் மறக்கும்.

எந்த வசனத்தைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். எபேசியர் 6:1, "பிள்ளைகளே, உங்கள் பெற்றாருக்குக் கர்த்தருக்குள் கீழ்ப்படியுங்கள்" எல்லாருக்கும் தெரியும். மூன்று வசனம் தள்ளி 6:4-ல் "பிதாக்களே, நீங்களும் உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்று இருப்பது எத்தனை பிள்ளைக்குத் தெரியும்? இரண்டையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள். வசனத்தைக் கம்பாகப் பயன்படுத்தினால் 13 வயதில் அந்தக் கம்போடு சேர்த்து வசனத்தையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

இல்லத்திருச்சபை:

கத்தோலிக்கர் பக்கமிருந்து இரண்டு வார்த்தை. வசனத்தோடு கேள்வி-பதிலும் வேண்டும். வசனம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு முழுப் படம் கிடைப்பதில்லை. நம்பிக்கை அறிக்கை, பத்துக் கட்டளை, கர்த்தர் கற்பித்த செபம், அருளடையாளங்கள் (திருமுழுக்கு, நற்கருணை போன்ற திருச்சடங்குகள்) என்ற வரிசை மிகப் பழையது. குடும்பத்தை "இல்லத் திருச்சபை" என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் (கத்தோலிக்க ஆயர்களின் உலகப் பொதுக்கூட்டம்) 1964-ல் திருச்சபை பற்றிய கொள்கைத் திரட்டில் சொன்னது. பெற்றோரே பிள்ளைகளுக்கு முதல் அறிவிப்பாளர்கள் என்றும் அதே இடத்தில் சொல்கிறது. மறைக்கல்வி ஆசிரியர் துணைக்கு இருக்கிறாரே தவிர, பெற்றோருக்குப் பதிலாக இல்லை.

திராட்சைக்கொடி:

உண்மைதான் சகோதரரே. எங்கள் புராட்டஸ்டண்ட் பக்கத்திலும் இதே வரலாறு உண்டு. 1528-ல் சாக்சனிச் சபைகளைப் பார்வையிட்டபோது ஜனங்களுக்குப் பத்துக் கட்டளைகூடத் தெரியவில்லை என்று கண்டுதான் மார்ட்டின் லுத்தர் 1529-ல் சிறிய ஞானோபதேசத்தை (கேள்வி-பதிலாய் அமைந்த விசுவாசப் பாடநூல்) எழுதினார். அதன் பகுதிகளின் தலைப்பிலேயே, வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாய்க் கற்பிக்க வேண்டிய விதம் என்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே கேள்வி: "இதன் அர்த்தம் என்ன?" 1563-ல் வந்த ஹைடல்பெர்க் ஞானோபதேசத்தின் 129 கேள்விகளும் வருடத்தின் 52 ஞாயிறுகளுக்குப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. வாரத்துக்கு இரண்டு, மூன்று கேள்வி. அளவு தெரிந்து செய்திருக்கிறார்கள்.

மாலைவிளக்கு:

மிகவும் நன்றி. ஆனால் 13 வயதுக் கேள்வி அப்படியே இருக்கிறது. வசனமும் ஞானோபதேசமும் தெரிந்த பிள்ளைதான் மௌனமாகிறது.

பன்னிரண்டுகற்கள்:

சகோதரி, என் எண்ணத்தில் இழையின் மையமே இதுதான், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேதாகமத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் மூன்று முக்கியமான இடங்களை எடுத்துப் பாருங்கள். யாத்திராகமம் 12:26, பஸ்கா இரவு (எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையான இரவு): "இந்த ஆராதனையின் கருத்து என்ன" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். உபாகமம் 6:20: இந்தக் கட்டளைகள் என்ன என்று குமாரன் கேட்கிறான். யோசுவா 4:6: யோர்தானிலிருந்து எடுத்து வைத்த பன்னிரண்டு கற்களைப் பார்த்து "இந்தக் கற்கள் ஏது" என்று கேட்கிறார்கள். மூன்றிலும் முதலில் வாய் திறப்பது பிள்ளை. பெற்றோரின் வேலை, பிள்ளை கேட்கும்படியான ஒன்றைக் கண்முன் வைத்துவிட்டு, கேட்கும்போது பதிலோடு இருப்பது.

பதிலின் வடிவத்தையும் பாருங்கள். உபாகமம் 6:21 "கட்டளை என்றால் கீழ்ப்படி" என்று தொடங்கவில்லை. "நாங்கள் எகிப்திலே பார்வோனுக்கு அடிமைகளாயிருந்தோம்" என்று தொடங்குகிறது. கட்டளை ஏன் என்ற கேள்விக்கு, நடந்ததைச் சொல்வதே பதில்.

நம் வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. 12 வயது வரை நாம் கேள்வி கேட்கிறோம், பிள்ளை ஒப்பிக்கிறது. 12-ல் அது கேள்வி கேட்கத் தொடங்கும்போது "அப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்கிறோம். அதை இரண்டு முறை கேட்ட பிள்ளை மூன்றாம் முறை நம்மிடம் வராது. ஆனால் கேள்வி மறைந்துவிடாது, பிள்ளை அதை வேறு இடத்துக்குக் கொண்டுபோகும். நாம் பார்க்கும் மௌனம் அதுதான். இயேசுவே 12 வயதில் தேவாலயத்தில் போதகர்கள் நடுவே என்ன செய்துகொண்டிருந்தார்? கேட்டுக்கொண்டும் வினாவிக்கொண்டும் இருந்தார் (லூக்கா 2:46). அந்த வயதுக்குரிய வேலையே அதுதான்.

நடைமுறையில் என்ன செய்யலாம்:

கேள்வி வந்ததும் முதலில் அதைத் திருப்பிச் சொல்லுங்கள். "நாம் இவ்வளவு ஜெபித்தும் பாட்டி ஏன் குணமாகவில்லை என்று கேட்கிறாய், அப்படித்தானே?" பாதி நேரம் பிள்ளை "அதுமட்டுமில்லை" என்று சொல்லி உண்மையான கேள்வியை அப்போதுதான் வெளியே எடுக்கும். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி ஒரு கிழமையைக் குறித்துக்கொள்ளுங்கள், "வியாழக்கிழமைக்குள் பார்த்துச் சொல்கிறேன்" என்று. வியாழக்கிழமை பிள்ளை கேட்காவிட்டாலும் நீங்களே போய்ப் பேசுங்கள். அங்கே தவறினால் முன்னால் சொன்ன "தெரியாது" பொய்யாகிவிடும்.

பிறகு, வேதாகமமே கேள்வி கேட்கும் இடங்களைக் காட்டுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்கும் சங்கீதம் 13. நான் கூப்பிடுகிறேன், நீர் கேளாமலிருக்கிறீரே என்று முறையிடும் ஆபகூக் 1:2. ஆறுதல் வார்த்தை ஒன்றும் இல்லாமலே முடிகிற சங்கீதம் 88. இதை வாசிக்கிற 13 வயதுப் பிள்ளை, தன் கேள்வி விசுவாசத்துக்கு வெளியே இல்லை என்று கண்டுகொள்ளும். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" (மாற்கு 9:24) என்று அழுத தகப்பனை இயேசு திருப்பி அனுப்பவில்லை, அவன் மகனைச் சுகமாக்கினார்.

தூண்டாவிளக்கு:

பன்னிரண்டுகற்கள் ஐயா சொன்னது 13-ல் தொடங்குவதல்ல, 3 வயதிலேயே தொடங்குகிறது. "சொன்ன பேச்சு கேட்கலைன்னா இயேசப்பா கண்ணைக் குத்திடுவார்" என்று சொல்லி வளர்த்த பிள்ளை, பெரியவனானபின் எந்தக் கேள்வியை அவரிடம் கொண்டுபோகும்? சோறு ஊட்டவும் தூங்க வைக்கவும் ஆண்டவரைப் பூச்சாண்டி ஆக்காதீர்கள். தயவுசெய்து.

கடுகுவிதை:

பாட்டி கேள்விக்கு ஒரு ஏற்பாடு உண்டு. ஒரு நோட்டு, மூன்று பத்தி. முதலில் தேதி, இரண்டாவதில் வேண்டுதல், மூன்றாவதில் என்ன நடந்தது. பெரும்பாலான வீடுகளில் "கிடைத்தது" என்பதை மட்டும் எழுதி, கிடைக்காததை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். "இல்லை", "இன்னும் காத்திருக்கிறோம்" என்பதையும் எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாரும் சேர்ந்து திரும்ப வாசியுங்கள். "இல்லை" என்று எழுதிய இடத்தில் நின்று பேச வீட்டுக்கு ஒரு வாய்ப்புக் கிடைக்கும். வென்ற ஜெபங்களை மட்டும் எண்ணுகிற வீட்டில் முதல் பெரிய இழப்பே பிள்ளையின் விசுவாசத்தை அசைத்துவிடும்.

இல்லத்திருச்சபை:

"கேட்கும்படியான ஒன்றைக் கண்முன் வைத்துவிட்டு" என்று சொன்னீர்களே, அதற்குத் திருவழிபாட்டு ஆண்டு பெரிய உதவி. கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுக்கும் நான்கு மெழுகுதிரி, வாரத்துக்கு ஒன்று கூடுதலாக எரியும். "இன்னைக்கு ஏன் இரண்டு?" என்று 4 வயதே கேட்கும். தவக்காலத்தில் திருநீற்றுப் புதனிலிருந்து உயிர்ப்புக்கு முந்தின புனித சனி வரை எண்ணினால் 46 நாள் வருகிறதே, 40 என்கிறோமே என்று 8 வயது கேட்கும். ஞாயிறுகள் ஆறும் உயிர்ப்பின் நாள் என்பதால் நோன்புக் கணக்கில் சேராது.

பெரிய வியாழன் மாலை யோவான் 13:1-15 வாசித்து, வீட்டிலேயே பாதம் கழுவலாம். ஒரு பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துண்டு, 15 நிமிடம். பெற்றோர்தான் முதலில் முழந்தாளிட வேண்டும். கடைக்குட்டியிலிருந்து தொடங்குங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், கூச்சம்தான் காரணம், அதட்டாதீர்கள். 13 வயது காலை நீட்ட மறுத்தால் பேதுருவும் மறுத்தார் என்று சொல்லி விட்டுவிடுங்கள், கட்டாயம் வேண்டாம். புகைப்படம் எடுக்காதீர்கள். எடுத்த நொடியில் அது நிகழ்ச்சியாகிவிடும்.

சொல்லும்பொருளும்:

பாதம் கழுவுவதோடு மன்னிப்புக் கேட்பதையும் சேர்க்க வேண்டும். அநியாயமாய்த் திட்டிய பெற்றோர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்காத வீட்டில், "எங்கள் கடன்களை மன்னியும்" என்பது பிள்ளையின் காதில் வெறும் சத்தம். செய்ததைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும்: "நீ பொய் சொன்னாய் என்று கத்தினேன், நீ சொல்லவில்லை." அதற்குப் பிறகு "ஆனால்" வரக்கூடாது. "ஆனால் நீயும்…" என்று தொடங்கினால் அது மன்னிப்பு இல்லை, வழக்கு.

ஞாயிறு மதியச் சாப்பாட்டில் போதகரையும் பாடகர் குழுவையும் வறுத்தெடுப்பதையும் நிறுத்துங்கள். காலை ஆராதனையில் கேட்ட பிரசங்கத்தைவிட அதைத்தான் பிள்ளைகள் கருத்தாய்க் கேட்கிறார்கள்.

புதியவன்:

ஒரு கேள்வி. பெற்றோரில் ஒருவருக்கு மட்டுமே விசுவாசம் இருந்தால் இதெல்லாம் நடக்குமா?

பன்னிரண்டுகற்கள்:

நடக்கும். தீமோத்தேயுவின் தகப்பன் கிரேக்கன் (அப்போஸ்தலர் 16:1). தீமோத்தேயுவின் விசுவாசம் பற்றி எழுதும்போது பவுல் பெயர் சொல்வது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் (2 தீமோத்தேயு 1:5). செய்யக்கூடாதது ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளைகள் நடுவே "அப்பா மனந்திரும்பணும்" என்று சத்தமாக ஜெபிக்காதீர்கள். ஜெபம் ஒரு கட்சியாகிவிடும், பிள்ளை இரண்டு பேரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டியதாகும். அந்த ஜெபத்தைத் தனியே செய்யுங்கள். மற்றவரிடம் முன்னாலேயே பேசி, 10 நிமிடத்துக்குச் சம்மதம் வாங்கிக்கொண்டு, அந்த 10 நிமிடத்தைத் தாண்டாதீர்கள்.

மாலைவிளக்கு:

15 வயதுப் பிள்ளை ஆராதனைக்கு வரமாட்டேன் என்றால்? கட்டாயப்படுத்தலாமா?

கடுகுவிதை:

ஆம் என்பேன். வீட்டில் இருக்கும்வரை ஞாயிறு காலை குடும்பமாய்ப் போகிறோம் என்பது வீட்டு ஒழுங்கு. பள்ளிக்கூடத்துக்குப் போக மனமில்லை என்றால் விட்டுவிடுகிறோமா?

இல்லத்திருச்சபை:

இங்கே மாறுபடுகிறேன் ஐயா. கூட வந்து உட்காரச் சொல்வது ஒன்று, வாய்திறந்து அறிக்கையிடச் சொல்வது வேறொன்று. முதலாவதைப் பெற்றோர் கேட்கலாம். நற்கருணை வாங்கு, ஒப்புரவுக்கு (பாவசங்கீர்த்தனத்துக்கு) போ, உறுதிபூசுதலுக்கு (திருமுழுக்கில் பெற்ற விசுவாசத்தை உறுதிப்படுத்தும் சடங்குக்கு) பெயர் கொடு என்று தள்ளக்கூடாது. நம்பாததை ஊர் பார்க்கச் சொல்லவைத்தால், பொய் சொல்லக் கற்றுக்கொடுத்ததாகிவிடும். உறுதிபூசுதல் முடிந்த மறுவாரமே மறைக்கல்வி வகுப்பு காலியாவதற்கு இது ஒரு காரணம். தேர்வு எழுதி முடித்ததுபோல் பிள்ளைகள் விடைபெறுகிறார்கள். ஒரு வருடம் தள்ளிப்போடுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடுகுவிதை:

அந்தப் பிரிவினை நியாயம். எங்கள் சபைகளில் உறுதிபூசுதலைத் திடப்படுத்தல் என்போம்; அதற்கும் ஞானஸ்நானத்துக்கும் அப்படியே பொருந்தும். ஆராதனைக்கு வருவது என்பதில் மட்டும் என் நிலை மாறவில்லை.

திராட்சைக்கொடி:

15 வயதுக்குப் பெற்றோர் அல்லாத பெரியவர்கள் வேண்டும், குறைந்தது மூன்று பேர். சபையில் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, பரீட்சை எப்படி இருந்தது என்று கேட்டு, அடுத்த வாரம் அதை நினைவு வைத்திருப்பவர்கள். ஞானப்பெற்றோர் என்ற ஏற்பாடே இதற்குத்தான், திருமுழுக்கு அன்று பரிசு கொடுத்ததோடு நாம் முடித்துவிடுகிறோம். பார்வையாளனாக உட்கார வைக்காமல் சபையில் உண்மையான வேலை ஒன்றும் கொடுங்கள். ஒலிபெருக்கி, சிறுவர் வகுப்பு, நோயாளிகளைப் பார்க்கப் போவது, எதுவானாலும் சரி. அவன் வராவிட்டால் அந்த வேலை நிற்க வேண்டும், அப்போதுதான் அது வேலை.

அலைந்ததந்தை:

பிள்ளைகள் வளர்ந்து, விசுவாசத்தை விட்டு விலகிய வீடுகளுக்கு என்ன சொல்வீர்கள்? பிள்ளையை நடக்கவேண்டிய வழியிலே நடத்தினால் முதிர்வயதிலும் அதை விடமாட்டான் என்கிற நீதிமொழிகள் 22:6-ஐக் காட்டி "நீங்கள் சரியாய் நடத்தியிருந்தால் விட்டிருக்கமாட்டான்" என்கிறார்கள்.

பன்னிரண்டுகற்கள்:

ஐயா, அந்த வசனத்தை அப்படிப் பயன்படுத்துவது தவறு. நீதிமொழி பொதுவாக நடப்பதைச் சொல்கிறது, உத்தரவாதம் எழுதிக் கொடுக்கவில்லை. லூக்கா 15-ன் கெட்ட குமாரன் கதையில், தகப்பன் சரியாக வளர்க்காததால் இளைய மகன் வீட்டைவிட்டுப் போனான் என்று இயேசு ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. 354-ல் பிறந்த, பின்னாளில் பெரிய சபைப் போதகரான அகஸ்டின் 387-ல்தான் ஞானஸ்நானம் பெற்றார், 32 வயதில். அதே வருடம் அவர் தாய் மோனிக்கா இறந்துபோனார். அத்தனை வருடம் அந்தத் தாய் மகனைக் கைவிடவில்லை.

தினமும் காலையில் வசனப் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவதை நிறுத்திவிட்டு வாரம் ஒருமுறை பேசுங்கள். அவர் வேலை, உடல்நலம், பிள்ளைகள் பற்றிக் கேளுங்கள். ஜெபிக்கட்டுமா என்று கேட்க வேண்டிய நேரம் வரும், அப்போது ஒரே ஒருமுறை கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். வீட்டுக்கு வரும்போது மட்டும் குடும்ப ஜெபத்தை அவருக்காக நீட்டவோ நிறுத்தவோ வேண்டாம். எப்போதும் நடக்கும் அதே 10 நிமிடம் நடக்கட்டும், அவர் எழுந்து போனாலும் தடுக்காதீர்கள்.

மாலைவிளக்கு:

எல்லாருக்கும் நன்றி. மாற்கு, இரவுச் சாப்பாட்டுக்குப் பின், வாரம் 5 நாள், மூன்று பத்தி நோட்டு என்று குறித்துக்கொண்டேன். கடைசியாக ஒன்று: ஜெபிக்கும்போது 4 வயது கண்ணை மூடாமல் சுற்றி ஓடினால்?

தூண்டாவிளக்கு:

கண் திறந்திருக்கட்டும், ஒன்றும் குறையாது. ஒரு வேலை கொடுங்கள். எல்லாரும் முடித்தபின் "ஆமென்" என்று உரக்கச் சொல்வது அந்தப் பிள்ளையின் பொறுப்பு, வேறு யாரும் முந்தக்கூடாது. அதற்காகவே காத்து நிற்கும்.